நாற்பத்தாறு டன் தூண்டில் கம்பு

வடக்கே பனி ஏரிக்கரை ஊரான ஹௌகிவாராவின் மீன்பிடிச் சங்கத்தில் வில்யோ கர்வினெனுக்குக் ‘கை’ என்று பெயர். அவர் எதிரில் யாரும் அப்படிக் கூப்பிட மாட்டார்கள். ஆனால் புதிதாகத் தூண்டில் கம்பு வாங்கப் போகிறவனிடம், “கையைக் கேட்டியா?” என்றுதான் ஊரே கேட்கும்.

பத்தொன்பது வருடங்களுக்கு முன்னால் ஒரு வசந்தகாலக் கூட்டத்தில் அவர் ஒரு கம்பைக் கையில் எடுத்தார். உலகத்தரம் என்று அதன் மேலேயே பொன்னெழுத்தில் எழுதியிருந்தது. வில்யோ அதை ஒரு நிமிடம் பிடித்துப் பார்த்துவிட்டு, “இது சரியில்ல” என்று சொல்லி மேசையில் வைத்தார். ஜூன் மாதம் உள்ளங்கை நீளத்து பெர்ச் மீன் ஒன்று அதை இரண்டாக ஒடித்துவிட்டுப் போனது. அன்றிலிருந்து படகுத்துறையில் விருந்தாளிகளுக்கு இரவல் கொடுக்கும் எட்டுக் கம்புகளையும் சங்கம் அவர் கையை நம்பித்தான் வாங்குகிறது. வேறு எதற்கும் அவரை யாரும் எதுவும் கேட்டதில்லை. கை போனால் அவர் வெறும் ஓய்வுபெற்ற மரம்வெட்டி. ஹௌகிவாராவில் அந்த வகையில் பதினேழு பேர் இருந்தார்கள்.

கை போய்விட்டது என்பதுதான் சங்கதி.

முப்பத்தோரு வருடம் சங்கிலி ரம்பம் பிடித்த கை. முதலில் குளிரில் விரல் நுனிகள் வெளுத்தன. பிறகு கோடையிலும் வெளுத்தன. பிறகு வெளுப்பது நின்று, உணர்ச்சியும் நின்றது. சட்டைப் பொத்தானைக் கண்ணாடி பார்த்துத்தான் போட வேண்டியிருந்தது. போன வருடக் கூட்டத்துக்கு முந்தின வாரம், சூடான காபிப் பாத்திரத்தை வெறும் கையால் தூக்கிக்கொண்டு சமையலறையைக் கடந்துவிட்டு, எங்கோ ரப்பர் கருகுகிறதே என்று வில்யோ சுற்றும் முற்றும் பார்த்தார். கருகியது அவருடைய தோல். அவர் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பது அந்த ஊரில் ஒரு காரியமாகவே கணக்கில் வராது.

போன வருடம் அவர் செய்தது இதுதான். சோதனைக்கு வரும் ஐந்து கம்புகளின் எழுத்துகளையும் நீல டேப் ஒட்டி மறைப்பது வழக்கம். டேப் ஒட்டும் வேலை அவருடையது. ஒட்டும்போது மூன்றாவது கம்பில் இருந்ததைப் படித்தார். ‘46 டன் கார்பன்’. தூண்டில் நரம்பு ஓடும் வளையங்கள் அந்தக் கம்பில் ஒரே நேர்கோட்டில் இல்லை. வளையங்களை நூல் சுற்றிக் கட்டிய இடங்களில் பிசின் கட்டிகட்டியாக வழிந்திருந்தது. ரீல் மாட்டும் இடத்தில் திருகு லேசாக ஆடியது. இதையெல்லாம் கண்ணால் பார்த்தார். பார்த்தும், கைதான் இல்லை, எண்ணாவது இருக்கட்டும் என்று, “மூணு” என்றார்.

எட்டு வாங்கினார்கள். ஆகஸ்டுக்குள் ஐந்து ஒடிந்தன.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். சங்கம் கூடிப் பேசி, குற்றம் விருந்தாளிகளுடையது என்று முடிவு செய்தது. கையைச் சந்தேகிக்க யாருக்கும் தோன்றவே இல்லை. படகுத்துறையில் ஒரு பலகை வைத்தார்கள்: ‘தெற்கிலிருந்து வருகிறவர்களுக்குக் கம்பு இரவல் இல்லை.’ தெற்கே லாஹ்தியிலிருந்து வந்திருந்த ஒரு பல் டாக்டர், கையில் ஒடிந்த கம்போடு துறையிலேயே அழுவாரைப் போல நின்றார். ஊருக்குப் போய் ஒரு கடிதமும் எழுதினார். தான் மீனை அவசரப்பட்டு இழுத்திருக்க வேண்டும், இனி எந்தத் தூண்டிலையும் தொடுவதாக இல்லை, மன்னிக்கவும் என்று. கூடவே நான்கு பொட்டலம் காபித்தூள் அனுப்பியிருந்தார். கடிதத்தைச் சங்கக் கூடத்தின் சுவரில் குத்தி வைத்தார்கள். நல்ல எடுத்துக்காட்டு என்று.

இந்த வருடக் கூட்டம் ஏப்ரல் மாதம் ஒரு சனிக்கிழமை, மதியம் இரண்டு மணிக்கு. ஏரியில் இன்னும் பனிக்கட்டி இருந்தது. இருபத்துமூன்று பேர் வந்து, ஒருவரை ஒருவர் தொந்தரவு செய்யாத தூரத்தில் உட்கார்ந்தார்கள். ஏலக்காய் பன் இருந்தது. காபியை ஊற்றும்போது சங்கச் செயலாளர் ஹெல்கா, “பல் டாக்டர் அனுப்பினதுல கடைசிப் பொட்டலம்” என்று பொதுவாக அறிவித்தார். வில்யோ தன் கோப்பையைத் தொடவில்லை. நேர் எதிரே சுவரில் கடிதம் இருந்தது.

டேப் ஒட்ட அவர் எழுந்தபோது ஹெல்கா டேப் சுருளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“இந்த வருஷம் நான் ஒட்டிட்டேன்.”

“ஏன்?”

“சும்மாதான்.”

ஹெல்கா மரக் கம்பெனி அலுவலகத்தில் இருபத்தாறு வருடம் தட்டச்சு செய்தவர். சும்மா எதையும் செய்யாதவர். வில்யோ மறுபடி உட்கார்ந்தார். மடியில் கனம் இருந்தால் வழியில் பயம். டேப்புக்கு அடியில் என்ன இருக்கிறது என்று இந்த வருடம் அவருக்குத் தெரியாது. தப்பாகச் சொன்னால் இன்னும் எட்டுக் கம்பு ஒடியும், இன்னும் எட்டு அப்பாவிகள் கடிதம் எழுதுவார்கள். உண்மையைச் சொன்னால் பதினெட்டாவது மரம்வெட்டி ஆகிவிடுவார்.

தூண்டில் கடை வைத்திருக்கும் தைஸ்தோ பக்கத்து நாற்காலிக்கு வந்தான். நாற்பது வயதுக்காரன். எண்களை நம்புகிறவன்.

“வில்யோ அண்ணே, நாற்பத்தாறு டன் இந்த வருஷமும் வந்திருக்கு. போன வருஷ நாற்பத்தாறு வேற, இது வேற. இது மேம்படுத்தினது.”

“நாற்பத்தாறு டன்ன வெச்சுக்கிட்டு ஏரியில என்னத்தடா தூக்கப் போறீங்க? முழுகின லாரியையா?” என்றார் சங்கத் தலைவர் பென்தி, கோப்பையிலிருந்து தலையைத் தூக்காமல்.

“அது எடை இல்ல தலைவரே. கார்பனோட விறைப்பு.”

“உன் தலைக்கு எத்தன டன்னு?”

யாரும் சிரிக்கவில்லை. இரண்டு பேர் பன்னைக் கீழே வைத்தார்கள். அங்கே அதற்குப் பெயர் சிரிப்பு.

முதலில் கண் சோதனை. அது வில்யோவுக்கு இன்னும் வரும். ஒவ்வொரு கம்பையும் துப்பாக்கி போல முகத்துக்கு நேரே பிடித்து, வளையங்கள் வரிசையாக நிற்கின்றனவா என்று பார்த்தார். ஹெல்காவின் பழைய நைலான் காலுறை ஒன்றை வளையங்களுக்குள் விட்டு இழுத்தார். வளையத்தில் மயிரிழை விரிசல் இருந்தாலும் நைலான் மாட்டிக்கொள்ளும். கம்பின் முனையைத் தரையில் ஊன்றி வளைத்து, வளைவு ஒரே சீராகப் போகிறதா, நடுவில் முழங்கை போல மடங்குகிறதா என்று பார்த்தார். விட்டதும் முனை எத்தனை தடவை ஆடி நிற்கிறது என்று எண்ணினார். இரண்டாம் கம்பில் காலுறை இரண்டு இடத்தில் மாட்டியது. முனை ஒன்பது தடவை ஆடியது. நான்காம் கம்பு பார்க்கச் சகிக்கவில்லை, கைப்பிடியில் தகரம் உரசிய கீறல்கள். ஆனால் காலுறை வெண்ணெயில் போவது போலப் போனது. முனை மூன்று ஆட்டத்தில் நின்றது. எல்லாவற்றையும் ஹெல்கா குறித்துக்கொண்டார்.

ஆனால் இதற்கெல்லாம் பாதி மதிப்பெண்தான். மீதிப் பாதி தொண்டைச் சோதனைக்கு.

தொண்டைச் சோதனை ஹௌகிவாராவில் மட்டும் உண்டு. வில்யோ ஒரு முக்காலியில் உட்கார்ந்து கம்பளிக் குல்லாவைக் கண் வரை இழுத்துக்கொள்வார். காதுகளுக்கு ரம்பக்காரர்களின் காதுக்கவசம். கம்பின் கைப்பிடி அவர் கையில். முனை ஹெல்காவின் தொண்டையில். தலைவர் வில்யோவின் தோளில் ஒரு தட்டுத் தட்டுவார். அப்போது ஹெல்கா தாழ்ந்த குரலில் பேசுவார், அல்லது பேசாமல் இருப்பார். பேசினால் அந்த அதிர்வு கம்பு வழியாகக் கைக்கு வரவேண்டும். வந்தால் வில்யோ விரலைத் தூக்குவார். கம்புக்குப் பத்துத் தடவை. பெர்ச் மீன் இரையை முட்டிப் பார்ப்பது தொண்டை அதிர்வைவிட மெல்லியது, அதனால் தொண்டையைக் கடத்தாத கம்பு மீனையும் சொல்லாது என்பது சங்கத்தின் கொள்கை.

ஹெல்காவின் குரல் கவசத்தைத் தாண்டிக் காதில் விழுந்துவிடக்கூடாது. அதற்காக, சோதனை முடியும் வரை கூடத்தில் இருக்கிறவர்கள் எல்லாரும் விடாமல் பேசிக்கொண்டிருக்க வேண்டும் என்று விதி. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்று சொல்லும் ஊர்கள் உலகத்தில் இருக்கலாம். ஹௌகிவாராவில் பிரச்சினை மூடியைத் திறப்பது. வருடத்தில் அந்த அரைமணி நேரத்துக்குப் பயந்தே இரண்டு பேர் சங்கத்திலிருந்து விலகியிருந்தார்கள்.

“ஆரம்பிங்க” என்றார் பென்தி. தானே முன்னின்று, ஏரிப் பனிக்கட்டியின் கனத்தை வாரவாரியாக உரக்கப் படிக்கத் தொடங்கினார். மூலையில் ஒருவர் ஒன்று, இரண்டு என்று எண்ணினார். தைஸ்தோ தன் கடை விலைப்பட்டியலை ஒப்பித்தான். ஒரு பெண்மணி பக்கத்தில் இருந்தவரிடம், “அப்புறம்?” என்றார். அவர், “அப்புறம் ஒண்ணுமில்ல” என்றார். இதையே இருவரும் விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

குல்லாவுக்குள் இருட்டு. தோளில் முதல் தட்டு விழுந்தது. வில்யோவின் கைகளில் ஒன்றுமே இல்லை. கம்பு இருப்பதே எடையால்தான் தெரிந்தது. விரலைத் தூக்கினார். அடுத்த தட்டுக்குத் தூக்கவில்லை. அதற்கடுத்ததற்குத் தூக்கினார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறோம் என்று அவருக்கே அவமானமாக இருந்தது. முதல் கம்பு அப்படியே முடிந்தது.

இரண்டாம் கம்பில் அவருக்குக் கழுத்து வலித்தது. வெட்கத்திலா, வயதிலா தெரியவில்லை, தலை தானாகக் குனிந்தது. கைப்பிடிக்கு மேலே கம்பு வெறுமையாக இருக்கும் இடத்தில் தாடை போய் இடித்தது.

தாடையில் ஏதோ ஊர்ந்தது.

வில்யோ அசையாமல் இருந்தார். நின்றது. தோளில் தட்டு விழுந்தது. மறுபடி ஊர்ந்தது. முப்பத்தோரு வருடம் ரம்பம் பிடித்தது கைதானே, தாடை இல்லையே என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது. யோசிக்காமல் வாயைத் திறந்து கம்பைப் பல்லால் கடித்தார்.

பென்தி படித்துக்கொண்டிருந்த பனிக்கட்டிக் கனம் ஒரு நொடி நின்றுவிட்டுத் தொடர்ந்தது.

பல்லில் அதிர்வு வந்தது, ஆனால் கனத்த போர்வைக்குள்ளிருந்து யாரோ முனகுவதைப் போல மந்தமாக. அடுத்த கம்பு பரவாயில்லை. எங்கே தொடங்குகிறது, எங்கே நிற்கிறது என்பது தெரிந்தது. வில்யோவுக்கு இரண்டு வருடத்தில் முதல்முறையாகச் சந்தோஷமாக இருந்தது. தப்பித்துவிட்டோம், யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை, பல் இருக்கும்வரை கையும் இருக்கும் என்று நினைத்தார். அந்த நினைப்போடுதான் நான்காவது கம்பைக் கடித்தார்.

தோளில் தட்டு விழுந்தது. அதிர்வு வந்தது. வெறும் அதிர்வு இல்லை. மண்டைக்குள் யாரோ பேசினார்கள். மெல்ல, தெளிவாக, ஹெல்காவின் குரலில்.

“...உருளைக்கிழங்கு ரெண்டு கிலோ. ஈஸ்ட்.”

வில்யோ விரலைத் தூக்கினார். பத்தொன்பது வருடமாக அவர் கைக்கு வந்துகொண்டிருந்தது ஹெல்காவின் மளிகைப் பட்டியல்.

அடுத்த தட்டுக்கு மௌனம். அதற்கடுத்த தட்டு.

“உன் கை போச்சுன்னு எனக்குத் தெரியும் வில்யோ. வெள்ளை விரல்னு நஷ்டஈடு கேட்டு ஆபீஸ்ல நூறு மனு நான் தட்டச்சு பண்ணியிருக்கேன். சர்க்கரைக் கட்டிய ரெண்டு கையாலயும் எடுக்கிறவன எனக்குத் தெரியாதா?”

விரல் தானாக எழுந்தது. அடுத்த தட்டு.

“போன வருஷம் மூணாம் கம்புக்குப் பத்துல ஆறு தப்பு. ஒன்பது சரின்னு நான் எழுதினேன். உன்னைப் பார்க்கப் பாவமா இருந்துச்சு. இப்ப அந்தப் பல் டாக்டரை நினைச்சா பாவமா இருக்கு. அவர் காபியத்தான் நாம குடிச்சுக்கிட்டு இருக்கோம். இத யார்கிட்ட சொல்றது? அதான் இந்தக் கம்புகிட்ட சொல்றேன்.”

வில்யோ கம்பை வாயிலிருந்து எடுத்தார். குல்லாவைக் கழற்றினார், கவசத்தைக் கழற்றினார். ஹெல்கா ஜன்னல் பக்கம் திரும்பி, முனையைத் தொண்டையில் வைத்தபடி நின்றுகொண்டிருந்தார். தன் பேச்சு போய்ச் சேர்ந்தது அவருக்குத் தெரியாது.

வில்யோ எழுந்து நின்றார். “என் ரெண்டு கையிலயும் உணர்ச்சி இல்ல. போன வருஷம் டேப்புக்கு அடியில பார்த்துத்தான் சொன்னேன். கம்பு ஒடிஞ்சது என்னாலதான்” என்றார்.

“ஆயிரத்து நானூற்று முப்பத்திரண்டு” என்றது மூலை. “அப்புறம்?” என்றார் அந்தப் பெண்மணி. நிறுத்தச் சொல்லி யாரும் சொல்லவில்லை, ஆகவே எல்லாரும் கடமையாகப் பேசிக்கொண்டே இருந்தார்கள். வாழ்நாளில் ஒரே ஒரு முறை ஊர் வாயைத் திறந்திருந்தபோது வில்யோ உண்மையைச் சொல்லியிருந்தார்.

பென்தி கையை உயர்த்தினார். கூடம் அடங்கியது. “ஏதோ சொன்ன மாதிரி இருந்துச்சு.”

“சொன்னேன்.”

“கேக்கல. இன்னொரு தரம் சொல்லு.”

முதல் தடவை சுலபமாக வந்தது. இரண்டாவது தடவை ஒவ்வொரு வார்த்தையையும் தொண்டையிலிருந்து தூக்கி வெளியே வைக்க வேண்டியிருந்தது. சொல்லி முடித்தபோது வில்யோவின் முதுகு நனைந்திருந்தது.

  தைஸ்தோதான் முதலில், “அப்போ அந்த நாற்பத்தாறு டன் கம்பு மேல தப்பில்லன்னு ஆகுதே” என்றான்.

“அஞ்சு ஒடிஞ்சுது தைஸ்தோ” என்றார் வில்யோ.

“ஒடிஞ்சது வேற விஷயம் அண்ணே.”

ஹெல்கா ஜன்னலை விட்டுத் திரும்பினார். முகம் சிவந்திருந்தது. “அவர் மட்டும் இல்ல. நானும்தான். பத்துல நாலு சரி. ஒன்பதுன்னு புத்தகத்துல நான் எழுதினேன்.”

பென்தி நிகழ்ச்சி நிரலை எடுத்து மேலிருந்து கீழ் வரை படித்தார். திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார். “இது இதுல இல்ல” என்றார். கொஞ்சம் யோசித்தார். “நாலாவது வரைக்கும் ஆயிருக்கு. அஞ்சாவது கம்பு பாக்கி. முடிச்சிட்டுப் பேசலாம்.”

ஆகவே வில்யோ மறுபடி குல்லாவைப் போட்டுக்கொண்டார். மறுபடி ஊர் பேசியது, எண்ணிக்கை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. ஐந்தாவது கம்பில் பல்லுக்கு வெறும் கரகரப்புத்தான் வந்தது. எழுந்து, “நாலு” என்றார். ‘இது சரியில்ல’ என்று பத்தொன்பது வருடங்களுக்கு முன் சொன்னபோது இருந்த குரல் அது. அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

பென்தி நான்காம் கம்பின் டேப்பை உரித்தார். டன் எதுவும் இல்லை. ‘கார்பன்’ என்று மட்டும் இருந்தது, அதிலும் பாதி அழிந்திருந்தது.

தைஸ்தோ எட்டிப் பார்த்தான். “ஐயோ, இது என் கடைல ஆறு வருஷமா கீழ்த் தட்டுல கிடக்குது. அஞ்சு கம்பு வேணும்னு விதி இருக்கேன்னு கொண்டு வந்தேன். ஒருத்தனும் வாங்கல. கூரைத் தகரத்துல தொங்குற பனிக்கட்டிய நான் இதாலதான் அடிச்சுத் தள்ளுவேன்.”

“எத்தன வருஷமா அடிக்கிறே?” என்றார் பென்தி.

“ஆறு வருஷமும்.”

“ஒடியல?”

தைஸ்தோ கம்பை வாங்கி முனையைத் தடவிப் பார்த்தான்.

நான்காம் வகைக் கம்பில் எட்டு வாங்கத் தீர்மானம் ஆனது. படகுத்துறைப் பலகையை எடுப்பதென்றும் தீர்மானம் ஆனது. அதற்கு மட்டும் ஒருவர் கை தூக்கவில்லை, அவர் தெற்கிலிருந்து வருகிறவர்களைப் பொதுவாகவே விரும்புவதில்லை. பல் டாக்டருக்கு வில்யோவும் ஹெல்காவும் சேர்ந்து கடிதம் எழுதுவதென்று ஆனது. அடுத்த வருடம் யார் சோதிப்பது என்று பென்தி கேட்டபோது எல்லாரும் மேசையைப் பார்த்தார்கள். வில்யோவும் மேசையைப் பார்த்தார்.

“பல்லு எத்தன இருக்கு?” என்றது மூலை.

“இருபத்திரண்டு” என்றார் வில்யோ.

“போதும்” என்றார் பென்தி, எழுதிக்கொண்டார்.

எல்லாரும் போனபிறகு வில்யோ சுவரிலிருந்து கடிதத்தைக் கழற்றினார். ஊசியைப் பிடுங்க நாலைந்து தடவை முயல வேண்டியிருந்தது. விரலுக்கு அது சிக்கவில்லை. ஹெல்கா கோப்பைகளைச் சேர்த்துக்கொண்டிருந்தார். உதவிக்கு வரவில்லை. காத்திருந்தார்.

“கடிதத்த நான் தட்டச்சு பண்ணவா?”

“வேண்டாம். கையாலயே எழுதறேன். எப்படி வந்தாலும் சரி.”

“சரி.”

“சோதனைல என்ன பேசுவே, இத்தன வருஷமா?”

“மளிகைப் பட்டியல்.”

“இன்னிக்கு?”

ஹெல்கா துணியால் மேசையைத் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார். “இன்னிக்கும்தான்.”

வில்யோ நான்காம் கம்பை எடுத்தார். கைப்பிடிக்கு மேலே பல்லால் கடித்துக்கொண்டு, முனையை மேசைக்குக் குறுக்கே ஹெல்கா பக்கம் நீட்டினார். ஹெல்கா அந்த முனையைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். நாலாம் கம்பு இன்று எதைக் கொண்டுபோய்ச் சேர்த்தது என்று ஹெல்காவுக்கு அப்போதுதான் புரிந்தது. காது நுனி வரை சிவந்து நின்றார். ஆனாலும் துணியைக் கீழே வைத்துவிட்டு வந்தார். முனையை இரண்டு விரலால் பிடித்துத் தன் தொண்டையில் வைத்துக்கொண்டார். உதடு அசைவது தெரியவில்லை.

“காபி ஆறிப்போச்சு” என்றது மண்டைக்குள். “பரவால்ல. குடி.”

வில்யோ கம்பைக் கீழே வைத்தார். மதியத்திலிருந்து தொடாமல் கிடந்த கோப்பையை இரண்டு கையாலும் தூக்கி, கடைசிச் சொட்டு வரை குடித்தார்.